கம்பி பிடிக்கும், டிராக் விடும்

காலை ஆறேகாலுக்கு எங்கள் படுக்கையறையில் ஒரு வெயில் கோடு விழும். முதலில் அலமாரிக் கதவில், அப்புறம் மெத்தையில், ஆறரைக்குச் சரியாக என் இடக்கண்ணில். இரவு படுக்குமுன் திரையை முழுக்க இழுத்து மூடிவிட்டுத்தான் படுக்கிறேன். விடியும்போது ஜன்னலின் இடது ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்குத் திரை இல்லாமல் இருக்கும். யாரும் எழுந்து இழுக்கவில்லை. வீட்டில் பூனையும் இல்லை.

கூடத்திலும் அதே துணிதான், ஒரே நாளில் ஒரே தையற்காரர் தைத்தது. அங்கே வேறு வம்பு. காலையில் இரண்டு பாதிகளையும் இருபக்கமும் ஒதுக்கிவிட்டு அடுப்படிக்குப் போய்க் காபியோடு திரும்பினால், ஒதுக்கிய திரை இரண்டும் ஆளுக்கு ஒரு சாண் நடுவை நோக்கி வந்து நிற்கும். படுக்கையறையில் மூடினால் நிற்பதில்லை, கூடத்தில் திறந்தால் நிற்பதில்லை. இரண்டும் ஒரே நோய் என்று நினைத்து ஒரே மருந்தை இரண்டுக்கும் கொடுத்துப் பார்த்ததில் ஒரு வருஷம் போயிற்று. படுக்கையறையில் இருப்பது டிராக், கூடத்தில் இருப்பது கம்பி. இரண்டும் நழுவுகிற விதம் வேறு, நழுவுகிற காரணமும் வேறு என்பது அதற்கப்புறம்தான் பிடிபட்டது.

பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘திரைச்சீலை’ என்று எழுதுகிறோமே தவிர, வீட்டில் ‘ஸ்கிரீன்’ என்றுதான் சொல்கிறோம். கம்பி என்றால் ராடு: முக்கால் இஞ்ச் அல்லது ஒரு இஞ்ச் குழாய், இரண்டு பக்கமும் பிராக்கெட், நுனியில் குமிழ். திரையின் தலைப்பில் அடித்த உலோக வளையங்கள், கடைக்காரர் சொல்லில் ஐலெட், அந்தக் குழாயிலேயே மாட்டிக்கொண்டு உரசிப் போகும். டிராக் என்பது, சிலர் வாயில் சேனல், அடியில் நீளப் பிளவு விட்ட அலுமினியப் பட்டை. அதற்குள் ரன்னர்கள் ஓடும். ரன்னருக்குக் கீழே கொக்கி, கொக்கியில் துணி. ரன்னரில் இரண்டு சாதி உண்டு. குட்டிச் சக்கரம் வைத்தது ஒன்று, சக்கரம் இல்லாமல் வழுக்கியே போகிற நைலான் துண்டு மற்றொன்று. எங்கள் வீட்டில் மாட்டியது சக்கரம் வைத்தது. ‘விரலால தொட்டாப் போதும், ஓடிடும்’ என்று கடையில் சொல்லித்தான் விற்றார்கள். பொய் சொல்லவில்லை. தொடாமலே ஓடும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

கம்பிக்கும் டிராக்குக்கும் முன்னால் எங்கள் அம்மா வீட்டில் இருந்தது ஸ்பிரிங். வெள்ளை பிளாஸ்டிக் உறை போட்ட சுருள் கம்பி, இரண்டு முனையிலும் திருகு கொக்கி. பழைய புடவையைக் கிழித்து, பாவாடைக்கு நாடா கோக்கிற மாதிரி குழல் தைத்து, ஸ்பிரிங்கை அதற்குள் நுழைத்து ஜன்னலின் இரண்டு ஆணியிலும் இழுத்து மாட்டுவார்கள். ஆறு மாதத்தில் அது தொய்ந்து நடுவில் தொப்பை போடும், துணி முழுதும் அந்தத் தொப்பையில் வந்து குவியும். ஐந்தடி ஜன்னலில் நடு இரண்டு இஞ்ச் தொய்ந்தால், ஆணிக்குப் பக்கத்தில் சரிவு ஏழு எட்டுக்கு ஒன்று ஆகிவிடும். கூடத்துக் கம்பியோ படுக்கையறை டிராக்கோ அந்தச் சரிவை எட்டவே எட்டாது. அம்மா துணியின் ஒரு ஓரத்தை ஆணியில் சுற்றி முடிச்சுப் போட்டுவிடுவார். அது போதுமாயிருந்தது. அங்கே திரையை ஒதுக்குகிற வழக்கமே கிடையாது.

கம்பிக்கும் டிராக்குக்கும் உள்ள வேற்றுமையை ஒரே எண்ணில் சொல்லிவிடலாம். ஒரு பொருள் சரிவில் தானாக வழுக்க வேண்டுமானால், அந்தச் சரிவு உராய்வைத் தாண்ட வேண்டும். உலோக வளையம் பெயின்ட் அடித்த கம்பியில் உரசும்போது உராய்வுக் கெழு சுமாராக 0.2-க்கு மேல் இருக்கும். அதாவது ஒரு மீட்டர் நீளக் கம்பியின் ஒரு முனை இன்னொன்றைவிட 20 செ.மீ. கீழே இருந்தால்தான் வளையம் தானாக வழுக்கத் தொடங்கும். அவ்வளவு கோணலாக எந்தத் தச்சரும் அடிக்க மாட்டார், அடித்தால் நாம் பணம் கொடுக்க மாட்டோம். சக்கரத்துக்கு அந்த எண் பத்தில் ஒன்றுக்கும் கீழே போகும். நல்ல சக்கரம், சுத்தமான பாதை என்றால் நூற்றுக்கு ஒன்று சரிவே அதை அசைக்க ஆரம்பித்துவிடும். நூற்றுக்கு ஒன்று என்பது கண்ணுக்குத் தெரியாத சரிவு. கீழே நின்று அண்ணாந்து பார்த்து ‘நேராத்தான் இருக்கு’ என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள்.

எங்கள் வீட்டிலும் செய்தார்கள். டிராக் மாட்டிய தம்பியைத் திரும்பக் கூப்பிட்டபோது அவர் ஏணியில் ஏறாமலே பார்த்துவிட்டு, “லெவலாத்தான் இருக்குக்கா. நீங்க துணி கொஞ்சம் கனமாப் போட்டிருந்தா நிக்கும்” என்றார்.

துணி கனமாக இருந்தால் திரை நிற்கும் என்று அந்தத் தம்பி மட்டும் நம்பவில்லை. என் நாத்தனார் சொன்னாள், தையற்காரர் சொன்னார், நானே நம்பினேன். அடிமடிப்புக்குள் ஈயக்குண்டு தைத்து வைக்கலாம் என்று ஒரு யோசனைகூட வந்தது. 1699-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் கியோம் அமோன்தோன் உராய்வு பற்றிச் சமர்ப்பித்த விதி, இந்த நம்பிக்கையை அப்போதே காலி செய்துவிட்டது. உராய்வு, அழுத்துகிற எடைக்கு நேர் விகிதம், தொடும் பரப்பைப் பொறுத்தது அல்ல என்கிறது அந்த விதி. எடை கூடினால் பிடிப்பு கூடுகிறது, சரிவில் இழுக்கிற விசையும் அதே அளவுக்குக் கூடுகிறது. ஆக இரண்டு கிலோ திரை எந்தச் சரிவில் நழுவுமோ அதே சரிவில்தான் ஐந்து கிலோ திரையும் நழுவும். ஈயக்குண்டு தைத்திருந்தால் திரை கொஞ்சம் மிடுக்காகத் தொங்கியிருக்கும். வெயில் கோடு அதே ஆறரைக்கு அதே கண்ணில்தான் விழுந்திருக்கும்.

கம்பியில் கனம் கெடுதலே செய்யும். டிராக்கை ஒன்றரை அடிக்கு ஒரு திருகு வைத்து முதுகோடு முதுகாகக் கூரையிலோ சுவரிலோ இறுக்கிவிடுகிறோம், அது தொய்வதற்கு இடமில்லை. கம்பி இரண்டு முனையில் மட்டும் தாங்கி நிற்கிறது. அதே துணியைப் போட்டு நீளத்தைக் கூட்டினால், தொய்வு நீளத்தின் நாலாம் அடுக்குக்கு ஏறும். ஆறடிக் கம்பியை எட்டடியாக்கினால் தொய்வு மூன்று மடங்குக்கு மேல். முக்கால் இஞ்சுக்குப் பதில் அதே தகட்டுக் கனத்தில் ஒரு இஞ்ச் குழாய் போட்டால் தொய்வு பாதிக்கும் கீழே வந்துவிடும். பணத்தை மிச்சம் பிடிக்க முக்கால் இஞ்ச் வாங்குகிறவர்கள் இதைக் கடையிலேயே யோசித்துக்கொள்ளலாம். ஆனால் தொய்வு மட்டுமே திரையை நழுவவிடாது. எட்டடிக் கம்பியின் நடு 2 செ.மீ. இறங்கியிருந்தாலும், பிராக்கெட்டுக்கு அருகில் சரிவு சுமார் முப்பத்தெட்டுக்கு ஒன்றுதான் வரும். வளையத்தை அசைக்க அது பத்தாது. வேறு ஏதோ தள்ளும்போது தொய்வு துணைக்குப் போகும், அவ்வளவுதான்.

அந்த ‘வேறு ஏதோ’ எது என்பதில்தான் கம்பியும் டிராக்கும் பிரிகின்றன. கண்டுபிடித்துக் கொடுத்தவர் தையற்காரர். கனம் பற்றிய யோசனை அவருடையதும்தான் என்றாலும், அவர் கேட்ட ஒரு கேள்விக்காக அதை மன்னித்துவிட்டேன். “எந்தப் பக்கமா போவுதுன்னு பாத்தீங்களா?”

பார்த்திருக்கவில்லை. அன்று இரவு படுக்கையறைத் திரையின் நான்கு ஓரங்களுக்கும் நேராகச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் இடது பாதியும் வலது பாதியும் சேர்ந்து வலப்புறமாகவே போயிருந்தன. இடது பாதி ஜன்னல் ஓரத்தை விட்டு விலகிவிட்டது, வலது பாதி வலது மூலையில் நெருக்கிக்கொண்டு நின்றது. கூடத்தில் அப்படி இல்லை. அங்கே ஒதுக்கிய இரண்டு பாதிகளும் எதிரெதிராக, நடுவை நோக்கி, ஏறத்தாழ ஒரே அளவுக்கு வந்திருந்தன. சரிவுக்குத் திசை ஒன்றுதான் உண்டு, அதனால் எல்லாவற்றையும் ஒரே பக்கம் இழுக்கும். இரண்டு பாதியும் எதிரெதிராக நகர்ந்தால் அது சுவரின் வேலை இல்லை, அந்தத் துணிக்குள்ளேயே ஏதோ தள்ளுகிறது. டிராக்கில் சுவரைப் பார்க்க வேண்டும், கம்பியில் துணியைப் பார்க்க வேண்டும். நான் ஒரு வருஷமாகச் செய்தது நேர்மாறு. படுக்கையறையில் துணியை மாற்றி மாற்றித் தொங்கவிட்டேன், கூடத்தில் பிராக்கெட்டை ஏற்றி இறக்கினேன்.

சுவரைப் பார்க்க ரசமட்டம் போதாது. முழம் நீள ரசமட்டத்தில் நூற்றுக்கு ஒன்று சரிவைத் தேடினால், குமிழி கோட்டை லேசாகத் தொட்டுக்கொண்டு நின்று நம்மைக் குழப்பும். கொத்தனார்கள் வைத்திருக்கிற டியூப் லெவல்தான் இதற்குச் சரி. கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனைகளையும் டிராக்கின் இரண்டு முனையிலும் பிடித்தால், தண்ணீர் தன் மட்டத்தைத் தானே காட்டிவிடும். நடுவில் காற்றுக்குமிழி மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. எங்கள் எட்டடி டிராக்கின் வலது முனை 3 செ.மீ. தாழ்ந்திருந்தது. கணக்குப் போட்டால் நூற்றுக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். காரணமும் தெரிந்தது. மாட்டியவர் இரண்டு முனையிலும் கூரையிலிருந்து சரியாக நாலு இஞ்ச் அளந்து கோடு போட்டிருக்கிறார். அவர் அளவு சுத்தம். கூரைதான் சாய்ந்திருக்கிறது. கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறவர் கண்ணும் கூரையை வைத்தே டிராக்கை எடை போடுவதால், நாங்கள் அத்தனை பேரும் ‘நேராத்தான் இருக்கு’ என்றோம்.

இவ்வளவு சின்னச் சரிவுக்கு எவ்வளவு இழுவிசை வந்துவிடும் என்று கேட்கலாம். இரண்டு கிலோ திரைக்கு நூற்றுக்கு ஒன்று என்றால் 20 கிராம் எடை. நாலு கோலிக்குண்டு. நாலு கோலிக்குண்டு எப்படி ஒரு திரையை இழுத்துக்கொண்டு போகும்? தனியாகப் போகாது, அதற்கு உதவிக்கு ஆள் இருக்கிறது. தலைக்கு மேலே மின்விசிறி. விசிறிக் காற்றில் துணி ஒவ்வொரு முறை உப்பி அடங்கும்போதும், ரன்னர் மேல் இருக்கிற எடை ஒரு கணம் குறைகிறது, மறுகணம் கூடுகிறது. குறைகிற கணத்தில் பிடிப்பு தளர்ந்து ரன்னர் மயிரிழை நகரும். மேட்டுப் பக்கம் நகர அதற்கு வழியில்லை, பள்ளத்துப் பக்கம் மட்டுமே போகும். இரவு முழுக்க மயிரிழை மயிரிழையாகப் போனதன் கூட்டுத்தொகைதான் அந்த நாலு விரல். மின்வெட்டு வந்த ஒரு ராத்திரி திரை நகரவே இல்லை. நாங்கள் தூங்கவும் இல்லை என்பது வேறு விஷயம்.

ரயிலில் இதே கதை வெளிப்படையாக நடக்கும். இரண்டடுக்கு ஏ.சி. பெட்டியில் படுக்கைக்குப் போட்டிருக்கும் திரை, வண்டி பிரேக் போடும்போது முன்னால் ஓடும், கிளம்பும்போது பின்னால் வரும். வண்டி நொடிக்கு நொடி ஒரு மீட்டர் வீதம் வேகம் குறைத்தால், திரைக்கு அது பத்துக்கு ஒன்று சரிவில் நிற்கிற மாதிரி. அங்கே ரசமட்டத்தால் பயனில்லை, திரையின் ஓரத்தை எதிலாவது மாட்டித்தான் ஆக வேண்டும்.

இனி கூடம். அங்கே தள்ளுவது துணி. ஐலெட் திரையின் தலைப்புக்குள் விறைப்புக்காகப் பக்ரம் வைத்துத் தைக்கிறார்கள். வளையங்கள் கம்பியில் ஏறியதும் தலைப்பு முன்னும் பின்னும் வளைந்து ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு போடுகிறது. திரையை ஒதுக்கும்போது அந்தத் துருத்தியை அமுக்குகிறோம். பக்ரம் புதிதாக இருக்கும்வரை ஒவ்வொரு மடிப்பும் ஒரு சின்ன ஸ்பிரிங். கையை எடுத்ததும் பத்து மடிப்பும் சேர்ந்து முன்வளையத்தைத் தள்ளும். தள்ளுவிசை கம்பியின் உராய்வுக்குச் சமமாகும் இடத்தில் போய் நிற்கும். அதனால்தான் காபி குடித்து முடிப்பதற்குள் ஒரு சாண், அதற்கப்புறம் நாள் முழுக்க ஒன்றும் இல்லை. டிராக்கில் நகர்வு இரவு முழுக்க நடந்துகொண்டே இருந்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். ஸ்பிரிங் தளர்ந்ததும் ஓய்ந்துவிடும். சரிவு ஓயாது.

கம்பித் திரையை மூடும்போதும் துணிதான் குற்றவாளி, ஆனால் அங்கே குற்றம் கஞ்சத்தனம். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் திரை பெரும்பாலும் நாலடி அகலம். ஆறடி ஜன்னலுக்கு இரண்டு வாங்கிப் போட்டால் எட்டடி, மூடிவிட்டது என்று நினைக்கிறோம். ஐலெட் திரைக்குக் கம்பியின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது துணி வேண்டும், இரண்டு மடங்கு இருந்தால் அழகு. எட்டடித் துணியை ஆறடிக்கு இழுத்தால் மடிப்பெல்லாம் தட்டையாகிவிடும், தட்டையான பக்ரம் மறுபடி வளையப் பார்க்கும், நடுவில் இரண்டு ஓரமும் பின்வாங்கும். துணியை மிச்சம் பிடித்த இடத்தில்தான் வெளிச்சம் வருகிறது.

ஒதுக்கிய திரை நடுவுக்கு வருவதற்கு வைத்தியம் கம்பியில் எதையும் திருகுவது அல்ல. துருத்தியை ஒதுக்கி, மடிப்புகளைக் கையால் ஒரே அளவாக நீவி அடுக்கி, மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் பழந்துணிக் கீற்றால் தளர்வாகக் கட்டி மூன்று நாள் விட்டுவிட வேண்டும். பள்ளிக்கூடப் பெண்கள் யூனிஃபார்ம் பாவாடை மடிப்பைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பார்களே, அதே தந்திரம். பக்ரம் மடிப்பை மனப்பாடம் செய்துகொள்ளும். எங்கள் கூடத்தில் ஒரு சாண் இரண்டு விரலாகக் குறைந்தது இதனால் மட்டுமே. வளையங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கிறதா என்று தைக்கக் கொடுக்கும்போதே பார்ப்பதும் நல்லது. இரட்டையாக இருந்தால்தான் திரையின் இரண்டு ஓரமும் சுவரைப் பார்த்துத் திரும்பும், ஓரம் அறைப்பக்கம் துருத்திக்கொண்டு காற்றை வாங்காது.

மிச்ச இரண்டு விரலுக்கு ஒரு தடுப்பு வேண்டியிருந்தது. கம்பியில் தடுப்பு வைப்பது சுலபம், ஏனென்றால் கம்பி வெளியே தெரிகிறது. திரையின் வெளி ஓரத்துக்கு வழி ஏற்கெனவே கம்பியிலேயே இருக்கிறது. கடைசி வளையத்தை மட்டும் பிராக்கெட்டுக்கு வெளியே, குமிழுக்கு உள்ளே மாட்டிவிட்டால் அந்த ஓரம் ஜென்மத்துக்கும் நகராது. இதற்குக் காசில்லை, கருவியில்லை. ஆனாலும் எங்கள் அடுக்ககத்தில் பாதி வீடுகளில் எல்லா வளையத்தையும் பிராக்கெட்டுக்கு உள்ளேயே விட்டிருக்கிறார்கள். நடுப்பக்க ஓரத்துக்கு நான் முதலில் ரப்பர் பேண்டு சுற்றினேன். சென்னை வெயிலில் அது இரண்டே மாதத்தில் பிசுபிசுத்துக் கம்பியில் ஒட்டிக்கொண்டது. பழைய சைக்கிள் டியூபை அரை விரல் அகலத்துக்கு நறுக்கி, ஒரு இஞ்ச் குழாயில் ஏற்றினால் கவ்விப் பிடிக்கும், வேண்டும்போது கையால் நகர்த்தவும் முடியும். மோதிரம் மாதிரி அது இருக்கும் இடத்தில் வளையம் வந்து முட்டி நிற்கும். இரண்டு துண்டாக ஒன்றுக்குள் ஒன்று நுழையும் கம்பி வாங்கியவர்களுக்கு அந்த ஒட்டு இடத்துப் படியே இலவசத் தடுப்பு, அது நமக்கு வேண்டிய இடத்தில் இருக்காது என்பதுதான் அதன் குறை.

டிராக்கில் தடுப்பு வைப்பது அவ்வளவு சுலபமில்லை. பாதை உள்ளே மறைந்து கிடக்கிறது. இரண்டு முனையிலும் திருகு வைத்த ஸ்டாப்பர் கொடுப்பார்கள். திரையைத் துவைக்கக் கழற்றும்போது ஒன்று தொலையும், தொலைந்தது தெரியாமல் மாட்டிவிடுவோம். எங்கள் இடது முனையில் அதுதான் நடந்திருக்கிறது. ஸ்டாப்பர் ஒன்றை முனையில் போட்டால் மட்டும் போதாது, கடைசி ரன்னருக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு போட்டு அதைச் சிறை வைக்க வேண்டும். கம்பியில் பிராக்கெட்டும் குமிழும் சேர்ந்து சும்மா செய்கிற வேலையை இங்கே காசு கொடுத்து வாங்குகிறோம்.

ஓரம் நின்றது. நடு? சரிவைத் திருத்த டிராக்கையே கழற்றி மாட்டினால் சுவரில் மறுபடி ஓட்டை. அது வேண்டாமென்று வேறு கணக்குப் போட்டேன். ஒவ்வொரு பாதியிலும் பத்து ரன்னர். முன்னால் போகிற ஒன்றை மட்டும் சக்கரம் இல்லாத நைலான் ரன்னராக மாற்றினால், அதன் மேல் இருப்பது திரையின் எடையில் பத்தில் ஒரு பங்கு. அதன் உராய்வு 0.2 என்று வைத்தால், மொத்த எடையில் நூற்றுக்கு இரண்டு. எங்கள் சரிவு இழுப்பது நூற்றுக்கு ஒன்றேகால். ஒரே ஒரு ரன்னர் மொத்தத் திரையையும் பிடித்துவிடும். விசிறியின் உலுக்கலுக்கும் சேர்த்து இரண்டாக மாற்றினேன். கை வைத்து இழுக்கும்போது முன்னைவிடக் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. கடையில் விற்ற ‘தொட்டா ஓடும்’ குணத்தில் ஐந்தில் ஒரு பங்கை நானே காசு கொடுத்துக் கெடுத்திருக்கிறேன்.

டிராக்குக்கு இதைவிடப் பழைய வைத்தியம் கயிறு. முன் ரன்னரைக் கயிற்றில் கட்டி, கயிற்றைச் சுற்றாக ஓடவிட்டால் திரை தானாக நகர முடியாது, நகர வேண்டுமானால் கயிறு முழுவதையும் கப்பியோடு சேர்த்து இழுக்க வேண்டும். மேடைத் திரைகள் பலவும் இப்படித்தான் நிற்கின்றன. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை சொல்லும் மூன்று எழினிகளில் ஒருமுக எழினி ஒரு பக்கத்திலிருந்து வருவது, பொருமுக எழினி இருபுறமிருந்தும் வந்து நடுவில் சந்திப்பது, கரந்துவரல் எழினி மேலே மறைந்திருந்து இறங்குவது. நம் வீட்டு ஜன்னல் தொல்லை முழுதும் இரண்டாவது வகைக்கு உரியது. ஒன்றோடொன்று பொருந்தும் இடம் என்று ஒன்று இருந்தால்தானே அங்கே இடைவெளி விழும். வீட்டுக்குக் கயிறு வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. தொங்கும் கயிற்றுச் சுற்று தவழும் குழந்தையின் கழுத்துக்கு எமன். தங்கை மகன் வருகிற வீட்டில் அதை எந்த உயரத்தில் கட்டி வைத்தாலும் எனக்குத் தூக்கம் வராது.

பொருந்தும் இடத்தில் டிராக்குக்கு ஒரு மேன்மை உண்டு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். முன் ரன்னரில் நீண்ட கை வைத்தது கிடைக்கிறது, அதில் மாட்டினால் ஒரு பாதி இன்னொன்றின் மேல் நாலு விரல் ஏறி நிற்கும். கொஞ்சம் நகர்ந்தாலும் வெளிச்சம் நுழையாது. ஒற்றைக் கம்பியில் வளையங்கள் ஒன்றையொன்று தாண்ட முடியாது. இரண்டு ஓரமும் முட்டிக்கொண்டு நிற்கலாம், மேலேற முடியாது. கூடத்தில் இரவில் நடுவே இரண்டு துணிக் கிளிப் போடுகிறோம். வந்தவர்கள் ‘எதுக்கு ஸ்கிரீனைக் காயப் போட்டிருக்கீங்க’ என்று கேட்கிறார்கள்.

மூலை திரும்பும் ஜன்னலுக்கும், ஆஸ்பத்திரி வார்டில் கட்டிலைச் சுற்றி வளைந்து போகும் திரைக்கும், பத்தடிக்கு மேல் நீளத்துக்கும் டிராக்தான், அதில் பேச்சில்லை. எட்டடிக்குள் ஒரு நேர் ஜன்னல், பகலில் பலமுறை திறந்து மூடும் கூடம் என்றால் நான் கம்பிப் பக்கம்தான் நிற்பேன். கம்பியின் தப்பு கண்ணுக்கு நேரே தொய்ந்தோ துருத்திக்கொண்டோ தெரிகிறது, ஏணி இல்லாமல் கையெட்டும் தூரத்தில் சரி செய்துகொள்ளலாம். டிராக்கின் தப்பைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பென்சிலும் டியூப் லெவலும் ஒரு வருஷமும் வேண்டியிருந்தது.

இப்போது படுக்கையறையில் ஏழு மணிவரை இருட்டு. கூடத்தில், பொன் முலாம் பூசிய கம்பியின் இரண்டு பக்கமும் கறுப்பு டியூப் வளையம் பளிச்சென்று தெரிகிறது. பார்க்க நன்றாக இல்லை, பொன் நிறப் பெயின்ட் அடித்துவிடலாமா என்றார் என் வீட்டுக்காரர். பெயின்ட் அடித்தால் வழுக்கும் என்று சொல்லித் தடுத்துவிட்டேன்.